கிணற்று மேட்டில் அலை: கடல்நீரைக் குடிநீராக்கக் கொங்கு நாட்டுப் பட்டறை ஒன்று செய்து பார்த்தது

எங்கள் ஊர்க்காரர்கள் கடல் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி பஸ் ஏறி விடியக்காலை இறங்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், சூலூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் கிணற்று மேட்டில், எட்டு மாதம் நாங்கள் கடலலை செய்துகொண்டிருந்தோம். ஒரு கியர்பாக்ஸ், ஒரு கிராங்க், ஒரு கம்பிக்கயிறு. ஏழு நொடிக்கு ஒரு முறை கயிறு மேலே இழுக்கும், அப்புறம் தளரும். தோட்டத்துக்கு வந்த பால்காரர் இரண்டு நாள் நின்று பார்த்தார். மூன்றாம் நாள், "என்னங்க, எண்ணெய் ஆட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கேட்டதில் தப்பில்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் என்ன செய்தோம், எது உடைந்தது, எது நின்றது, கடைசியில் ஏன் அந்த இயந்திரத்தைக் கேட்ட ஊருக்கே "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொன்னோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

வேலை வந்த கதை

ராமநாதபுரம் கடற்கரையில் மீனவர் ஊர் ஒன்றில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். அந்த ஊரில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியில் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். கோடையில் ஊற்றும் உப்பாகிவிடும், அப்புறம் டேங்கர் லாரிதான். பக்கத்து ஊரில் வைத்த ஆர்.ஓ. இயந்திரம் கரண்ட் பில் கட்ட ஆளில்லாமல் நின்றுவிட்டதாம். அதனால் அவர் கேட்டது கரண்டே வேண்டாத இயந்திரம். கடலில் ஒரு மிதவை, அலை அதைத் தூக்கி இறக்க வேண்டும், அந்த அசைவே பம்பை ஓட்ட வேண்டும், கரையில் குடிதண்ணீர் வர வேண்டும். நாளைக்கு 1,000 லிட்டர். 50 வீட்டுக்கு, வீட்டுக்கொரு 20 லிட்டர் கேன்.

"பம்புக்குப் பேர் போன ஊர் நீங்கதானே" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், கோயமுத்தூர்க்காரன் மாட்டிக்கொள்வான். 1937-ல் ஜி.டி. நாயுடு காலத்திலேயே இங்கே மோட்டார் செய்துவிட்டார்கள் என்ற பெருமை எங்களுக்கு ரேஷன் அட்டை மாதிரி, எல்லார் வீட்டிலும் உண்டு. சரி என்று ஒத்துக்கொண்டேன்.

ஆட்கள் நாலு பேர். நான் பம்ப் டிசைன். எங்கள் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். திருப்பூரில் சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஆர்.ஓ. பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. நாலாவது ஆள் தோட்டத்துக்காரர். இடமும் த்ரீ-ஃபேஸ் கரண்டும் அவருடையது.

திருப்பூர்த் தம்பியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் தொழில் நடக்கும் என்று ஆகிவிட்டது. அந்தக் கட்டாயத்தில் நொய்யல் கரையில் ஒரு தலைமுறையே மெம்பரேன் படித்தது. உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வுதான் மெம்பரேன். உப்புத் தண்ணீரை அழுத்தி நல்ல தண்ணீர் எடுப்பதில் இந்த ஊர்ப் பையன்களுக்கு இருக்கும் கைப்பழக்கம், கடலோரத்தில் பல ஊர்களில் கிடையாது. கடலே இல்லாத ஊருக்கு இது ஒரு வினோதமான படிப்புத்தான்.

900 அடி உப்பு

முதல் நாள் நான் போர்டில் எழுதிய கணக்கு இது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்தத் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் ஒரு மெம்பரேனின் இரண்டு பக்கம் வைத்தால், நல்ல தண்ணீர் தானாகவே உப்புப் பக்கம் போகும். அதைத் தடுத்து நிறுத்தவே 27 பார் அழுத்தம் வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பி, குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் எடுக்க 55 பார் வேண்டும்.

ஃபிட்டர் அண்ணனுக்கு பார் கணக்கு பிடிக்காது. அவருக்கு அடிதான். ஒரு பார் என்பது ஏறக்குறைய 33 அடித் தண்ணீர். மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ 900 அடி போர்ல இருந்து தூக்கினா உப்புக்குச் சமம் ஆகுது. குடிக்கோணும்னா 1,800 அடியில இருந்து தூக்கற பலம் வேணும். அப்படித்தானுங்களே?" என்றார்.

அப்படியேதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் 1,000 அடி போடுவதைப் பார்த்துப் பழகிய ஊரில், கடல்நீரைக் குடிநீராக்குவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கடல் உங்கள் காலடியில் இருந்தாலும் அதில் இருக்கிற நல்ல தண்ணீர் 1,800 அடிக்குக் கீழே கிடக்கிறது. எல்லாச் செலவும் அங்கேதான்.

முன்னால் செய்தவர்கள்

அழுத்தினால் நல்ல தண்ணீர் தரும் மெம்பரேன் நடைமுறைக்கு வந்ததே 1960-ஐ ஒட்டித்தான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் நம் நாட்டில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் செய்த வேலை. அலையையும் மெம்பரேனையும் சேர்க்கும் யோசனையும் பழசுதான். 1980-களில் டெலவேர் பல்கலைக்கழகத்தார் கடலடியில் கட்டிய பம்பை மிதவையால் இழுக்க வைத்து, கரண்ட் இல்லாமலே தண்ணீர் எடுத்தார்கள். பெயர் டெல்பாய். போர்ட்டோ ரிக்கோ கடலில் போட்டும் பார்த்தார்கள்.

நமக்குப் பக்கத்தில் விழிஞ்ஞம். 1991-ல் சென்னை ஐ.ஐ.டி. அங்கே 150 கிலோவாட் அலைமின் நிலையம் கட்டியது. கான்கிரீட் பெட்டிக்குள் அலை ஏறி இறங்கும்போது காற்று அழுந்தும், காற்று டர்பைனைச் சுற்றும், டர்பைன் கரண்ட் தரும். பிற்பாடு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அதில் ஆர்.ஓ. இயந்திரத்தைக் கோத்து நாளொன்றுக்கு 10,000 லிட்டர் எடுக்கும்படி அமைத்தது. அலையில் ஓடும் குடிநீர் இயந்திரம் நம் கடலிலேயே நடந்து காட்டிய ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. அந்த நிலையம் இப்போது ஓடவில்லை.

2015-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்டன் தீவில் நீருக்கடியில் முழுகிய மூன்று பெரிய மிதவைகள், கடலடிப் பம்புகளை ஓட்டிக் கரைக்கு அழுத்த நீர் அனுப்பின. கரண்டும் எடுத்தார்கள், குடிநீரும் எடுத்தார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை இதற்கென்றே ஒரு போட்டி வைத்து, 2022-ல் வட கரோலினாக் கடற்பாலம் ஒன்றில் இறுதிச் சுற்று நடத்தியது. கியூபெக்கைச் சேர்ந்த ஒனேக்கா நிறுவனத்தின் மிதவை பரிசு வாங்கியது. அதே வருடம் நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சிந்துஜா-1 என்ற அலைமின் மிதவை தூத்துக்குடியிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் மிதந்தது. அது கொடுத்தது 100 வாட். கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. கடலில் ஒன்றைக் கட்டி நிறுத்தி, அது உயிரோடு இருந்தாலே பெரிய விஷயம்.

இதையெல்லாம் படித்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அலையைக் காற்றாக்கி, காற்றைக் கரண்டாக்கி, கரண்டை மோட்டாராக்கி, மோட்டாரால் பம்பைச் சுற்றினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும். பம்பை அலையே நேராக இழுத்துவிட்டால் நடுவில் இத்தனை தரகர் வேண்டாம்.

கவலை

தோட்டத்துக் கிணற்றில் பழைய கவலை ஏற்றத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. பார்க்காத தலைமுறைக்கு: காளைகள் சரிவில் இறங்கி நடக்கும்போது வடம் சால் என்னும் பெரிய வாளியை மேலே இழுக்கும். தண்ணீர் கொட்டியதும் காளைகள் பின்னாலேயே ஏறி வரும், சால் தன் எடையில் கிணற்றுக்குள் இறங்கும். இழுப்பில் மட்டும் வேலை, திரும்புவதில் வேலை இல்லை.

மிதவைப் பம்பும் இதேதான். அலை ஏறும்போது மிதவை கயிற்றை இழுக்கும், பிஸ்டன் மேலே வந்து தண்ணீரைத் தள்ளும். அலை இறங்கும்போது கயிறு தளரும், ஒரு எடைக்கட்டு பிஸ்டனைக் கீழே கொண்டுபோகும். அந்தக் கல்தூணுக்குப் பக்கத்திலேயே ஆறு கோணச்சட்டத்தில் ஒரு கூடு அடித்து, அடியில் பம்பைப் போல்ட் போட்டு, மேலே கப்பி மாட்டி, உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடுத்த வார்ம் கியர்பாக்ஸை 3 எச்.பி. மோட்டாரில் கோத்தோம். டிரைவ் வைத்து வேகத்தைக் குறைத்தால் நிமிடத்துக்கு எட்டரைச் சுற்று. ஏழு நொடி அலை தயார்.

பிஸ்டன் 40 மில்லி மீட்டர், ஸ்ட்ரோக் அரை மீட்டர். 55 பாருக்கு எதிராக இழுக்க 700 கிலோ பலம் வேண்டும். ஸ்ட்ரோக்குக்கு 0.63 லிட்டர், நிமிடத்துக்கு 5.4 லிட்டர் கடல்நீர். அதில் ஐந்தில் ஒரு பங்கு குடிநீரானால் மணிக்கு 65 லிட்டர். சக்திக் கணக்கில் பார்த்தால் 500 வாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு மிக்ஸி ஓடுகிற சக்தி.

கடல்நீருக்கு 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் 35 கிலோ கல்லுப்புக் கரைத்தோம். மெம்பரேனிலிருந்து வரும் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அதே தொட்டிக்குத் திரும்பும்படி குழாய். தோட்டத்துக்காரர் வைத்த ஒரே நிபந்தனை அது. "உப்புத் தண்ணி ஒரு சொட்டு என்ற காட்டுல விழப்படாதுங்க. ஒரத்துப்பாளையத்தைப் பார்த்த கண்ணுங்க இது." சாயக்கழிவு தேங்கிக் கெட்ட நொய்யல் அணை அது. மறு பேச்சில்லை.

உடைந்தவை

முதல் பம்ப் மூன்று வாரம் தாங்கியது. ஹைட்ராலிக் ஜாக்கில் போடும் சிலிண்டரைத்தான் வாங்கிப் போட்டிருந்தோம், குரோம் பூசிய ராடு. குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. எண்ணெயில் அது ஒன்றும் செய்யாது, உப்புத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய் இரும்பைத் தின்னும். ஒரு திங்கட்கிழமை காலை ராடில் எறும்பு ஊர்ந்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். சாயங்காலத்துக்குள் அந்தப் புள்ளிகள் சீலை அரம் போல ராவிவிட்டன.

அடுத்தது 316 ஸ்டெயின்லெஸ். "இது துருப்பிடிக்காதுங்க" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். ராடு பளபளவென்றுதான் இருந்தது. ஃபிட்டர் அண்ணன் ஓ-ரிங்கை எடுத்துவிட்டு அதற்கடியில் இருந்த பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார், நகம் மாட்டியது. தண்ணீர் ஓடாமல் தேங்கும் சந்தில்தான் இந்த ஸ்டீல் அரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடல்நீர் நிலையங்களில் அழுத்தம் உள்ள இடங்களுக்கு டூப்ளெக்ஸ், சூப்பர் டூப்ளெக்ஸ் என்று உப்பை இன்னும் தாங்கும் ஸ்டீல் வகைகளுக்குப் போவது ஆடம்பரத்துக்கில்லை. மூன்றாவது ராடு டூப்ளெக்ஸ். அது நின்றது.

ஆனால் உலோகம் பெரிய பிரச்சினையே இல்லை. காசு கொடுத்தால் தீரும். எங்களை ஆறு வாரம் தலையைப் பிய்க்க வைத்தது வால்வு.

கணக்குப்படி நிமிடத்துக்கு 5.4 லிட்டர் வர வேண்டும், நாலு லிட்டர்கூட வரவில்லை. இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வும் புதுசு, பால் டைப். சோதித்தால் கசிவு மிகக் கொஞ்சம். ஃபிட்டர் அண்ணன் சிலிண்டர் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து ஸ்ட்ரோக் கேட்டார். "குண்டு சித்தெ நேரம் கழிச்சு உக்காருதுங்க" என்றார். நாங்கள் காலமெல்லாம் செய்தது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் பம்புகள். வேகமாக ஓடும் பம்பில் ஒரு லிட்டர் கசிந்தால் இருபதில் ஒன்று, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நிமிடத்துக்கு எட்டரைத் தடவை மட்டும் நகரும் பம்பில் அதே ஒரு லிட்டர் ஐந்தில் ஒன்று. கசிவுக்கு வேகம் கிடையாது, நேரம்தான். பம்ப் மெதுவாக நகர நகரக் கசிவுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

பால் வால்வைத் தூக்கிவிட்டு, ஸ்பிரிங் வைத்த சின்ன பாப்பெட் வால்வும், இன்ஜினியரிங் பிளாஸ்டிக் சீட்டும் கடைந்தோம். ஓட்டம் 5.2-க்கு வந்தது. அலை பம்பில் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. மிதவை எந்த வடிவம், அலை எத்தனை உயரம் என்றுதான் எல்லாரும் படம் போடுகிறார்கள். மெதுவாக நகரும், கசியாத, உப்பிலும் மணலிலும் வருடக்கணக்கில் உட்காரும் ஒரு வால்வை யாரும் படம் போடுவதில்லை.

அரை நிமிடம் அலை இல்லை

இதுவரை மெம்பரேன் மாட்டவில்லை, ஊசி வால்வை இறுக்கித்தான் அழுத்தம் ஏற்றிக்கொண்டிருந்தோம். இனித் தம்பியின் ராஜ்யம். இரண்டரை அங்குல மெம்பரேன் இரண்டு, அதற்கு முன்னால் 5 மைக்ரான் ஃபில்டர். பம்ப் பாதி நேரம்தான் தள்ளும், மீதி நேரம் சும்மா இருக்கும். மெம்பரேனுக்கோ சீரான அழுத்தம் வேண்டும். நடுவில் நைட்ரஜன் அடைத்த 4 லிட்டர் அக்யுமுலேட்டர் வைத்தோம். தள்ளும்போது வாங்கி வைத்துக்கொண்டு, இல்லாதபோது கொடுக்கும். கேஜ் முள் 50-க்கும் 60-க்கும் நடுவில் அழகாக ஆடியது. குழாயில் தண்ணீர். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 400-ஐ ஒட்டி. நம் குடிநீர்த் தரத்தில் 500 வரை தாராளம். ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம், தோட்டத்துக்காரர் இரண்டு.

அப்போது தம்பி ஒரு வேலை செய்தான். பேசாமல் போய் ஸ்டார்ட்டரை அமுக்கி மோட்டாரை நிறுத்தினான். "கடல்ல இப்படி ஒரே மாதிரி அலை வருங்களாண்ணா? நாலு பெரிசு வரும், அப்புறம் ஏழெட்டுச் சிறிசு வரும். அரை நிமிஷம் நிறுத்திப் பார்ப்போம்."

முள் சரசரவென்று இறங்கியது. 40, 30, 20. 27-க்குக் கீழே போனதும் மெம்பரேன் எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்கியது, குழாய் நுனியில் தொங்கிய சொட்டு உள்ளே போனது. என் கண்ணால் பார்த்தேன். திரும்ப மோட்டார் போட்டு, தண்ணீர் வந்து, மீட்டர் வைத்தால் 1,000-க்கு மேல். தண்ணீர் நின்றுபோனாலும் உப்பு நிற்பதில்லை. அது அழுத்தத்தைப் பார்த்துப் போவதில்லை, இந்தப் பக்கம் அதிகம் அந்தப் பக்கம் குறைவு என்றால் மெம்பரேன் வழியாக ஊர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்தி ஓட்டினால் முதல் தண்ணீர் உப்பாகத்தான் வரும்.

குறை இரண்டு இடத்தில் இருந்தது. அக்யுமுலேட்டர் போதாது. அரை நிமிட ஓய்வைத் தாங்க 20 லிட்டர் வேண்டும். அதை வாங்கிவிடலாம். மற்றது ஊசி வால்வு. ஒரே அளவில் திறந்து வைத்த வால்வில் ஓட்டம் பாதியானால் அழுத்தம் பாதியாகாது, கால் பங்காகும். 55 பார் 14 ஆகிவிடும். பெரிய அலையில் மெம்பரேன் வெடிக்கிற மாதிரி ஏறும், சின்ன அலையில் ஒன்றுமே வராது. கூடவே ஒரு வெட்கக்கேடு: அந்த வால்வு வழியாகத்தான் ஐந்தில் நாலு பங்கு அழுத்த நீரை வீணாக வெளியே விட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கணக்கில் 1,000 லிட்டருக்கு 7.6 யூனிட் ஆகிறது. சென்னைக்குப் பக்கத்து நெம்மேலி மாதிரியான பெரிய கடல்நீர் நிலையங்கள் மூன்று நாலு யூனிட்டில் எடுக்கின்றன. அலை இலவசம்தான், ஆனால் மிதவையும் கயிறும் இலவசமில்லை.

தண்டின் பருமன்

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருந்தது, பாய்மரப் படகுகளில் வைக்கும் சின்ன இயந்திரங்களில். கண்டுபிடிப்பு எங்களுடையதில்லை, எங்கள் அளவுக்குக் கடைந்ததுதான் எங்களுடையது.

எதிரெதிராக இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டன், நடுவில் ஒரே தண்டு. ஒரு பிஸ்டன் கடல்நீரை மெம்பரேனுக்குத் தள்ளும். மெம்பரேனிலிருந்து அழுத்தம் குறையாமல் திரும்பி வரும் உப்பு நீரை வீணாக்காமல் அதே பிஸ்டனின் பின்பக்கம் விடுவோம். முன்னால் இருக்கும் அழுத்தத்தைப் பின்னால் இருக்கும் அழுத்தமே ஏறக்குறையத் தாங்கிக்கொள்ளும். பின்பக்கத்தில் தண்டு அடைத்துக்கொள்ளும் பரப்பு மட்டும்தான் குறை. அந்தக் குறையை மற்ற பிஸ்டனில் பம்ப் ஈடுகட்டினால் போதும். தண்டின் பரப்பு பிஸ்டனில் ஐந்தில் ஒன்று என்றால், வரும் நீரில் ஐந்தில் ஒன்று குடிநீராகும், பம்ப் கொடுக்க வேண்டிய அழுத்தமும் ஐந்தில் ஒன்றுதான். 55-க்கு 11. ஊசி வால்வே தேவையில்லை. அலை சின்னதானால் ஓட்டமும் அழுத்தமும் தானாகத் தணியும், ஆனால் 27-க்குக் கீழே விழாமல் கொஞ்சமாவது தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

ஃபிட்டர் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கல்தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "கவலையில காளை சரிவுல ஏனுங்க இறங்குது? அதும்பட எடையும் இழுக்கட்டும்னுதான். இதுவும் அதேதானுங்க. போறதை வேலை வாங்கறது" என்றார்.

உராய்வெல்லாம் சேர்த்து 15 பார் ஆகும் என்று போர்டில் எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் 19-க்குக் கீழே இறங்கவில்லை, சீல் இறுக்கம். அதுவும் தலைவலி தராமல் வரவில்லை. சிலிண்டர் முடிவில் திசை மாற்றும் வால்வு, மெதுவாகப் போகும்போது சரியாக நடுவில் போய் நின்றுகொள்ளும். இரண்டு பக்கமும் திறந்த மாதிரியும் இல்லை, மூடின மாதிரியும் இல்லை, இயந்திரம் அப்படியே உறையும். பழைய மெயின் சுவிட்சில் கைப்பிடி பாதிக்கு மேல் போனால் 'டப்'பென்று தானே விழுமே, அந்த மாதிரி ஒரு ஸ்பிரிங் கட்டு வைத்ததும்தான் அது அடங்கியது.

ஆனாலும் 19 பார் என்ன என்று பாருங்கள். 630 அடி. எங்கள் ஊரில் சப்மெர்சிபிள் பம்ப் தினமும் செய்கிற வேலை. அதே 700 கிலோ இழுவைக்கு இனி 40 மில்லி பிஸ்டன் வேண்டாம், 68 மில்லி போடலாம். 65 லிட்டர் வந்த இடத்தில் மணிக்கு 180 லிட்டருக்கு மேல் கணக்கு வருகிறது. 7.6 யூனிட் 2.6-க்கு இறங்கியது. 1,800 அடி வேலையை 630 அடி வேலையாக்கியது தண்டின் பருமன்தான். மிதவைக்கும் அலைக்கும் இதில் பங்கே இல்லை.

பெண்கடல்

இவ்வளவும் ஆன பிறகுதான் நாங்கள் கடலைப் பார்க்கப் போனோம். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. இதை எழுதும்போதுகூடக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் ஆழமில்லாதது, இலங்கை மறைத்து நிற்பதால் தூரத்து அலை வராது, வாடைக்காற்று மாதங்கள் தவிரப் பெரும்பாலும் அடங்கித்தான் கிடக்கும். நம்மிடம் கேட்ட ஊர் பெண்கடல் பக்கம். நாங்கள் போன அன்று கரையில் அலை, கண்மாயில் காற்றடித்தால் வருமே அந்த அளவு. படகோட்டிப் பெரியவர் ஒருவரிடம் விசாரித்தோம். "அலையா? நீங்க அந்தப் பக்கம்ல போகணும்" என்று தெற்கே கை காட்டினார்.

அலையின் பலம் உயரத்தின் வர்க்கக் கணக்கு. உயரத்தை அதனாலேயே பெருக்கி, அலைக்கு அலை இடைவெளி நொடியால் பெருக்கிப் பாதியாக்கினால், ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை கிலோவாட் என்று தோராயமாக வரும். ஒரு மீட்டர் அலை, ஏழு நொடி என்றால் 3.5 கிலோவாட். அரை மீட்டர் அலை என்றால் பாதியில்லை, 0.9. கால் மீட்டருக்கு 0.2. அதிலும் மிதவை பிடிப்பது ஒரு சின்னப் பங்குதான். நாங்கள் கிணற்று மேட்டில் ஏழு நொடிக்கு அரை மீட்டர் ஸ்ட்ரோக் என்று வைத்துக்கொண்டது எங்களுக்கு வசதியான அலை, அந்த ஊருக்கு வாய்த்த அலையில்லை.

அப்படியானால் ஆண்கடல் பக்கம் போடலாமே என்றால், அங்கே 21 தீவுகளும் பவளப்பாறையும் சேர்ந்த கடல் தேசியப் பூங்கா. நங்கூரம் போடுவதும் உப்பு நீர் விடுவதும் நினைத்தபடி நடக்கிற காரியமில்லை, நடக்கவும் கூடாது. கன்னியாகுமரிப் பக்கம் அலை நன்றாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் கேட்டவர்கள் அங்கே இல்லை.

தொண்டு நிறுவனத்தாரிடம் நேராகச் சொன்னோம்: உங்கள் ஊருக்கு மிதவை வேண்டாம். கடலில் இல்லாத பலத்தை எங்கள் கயிறு இழுக்காது. உங்களிடம் வருடம் முழுக்க இருப்பது வெயில். மூன்று எச்.பி. சோலார் பம்ப் ஒன்று, கரையில் மணல் கிணறு தோண்டி அதில் வடிந்த கடல்நீர், அதற்குப் பின்னால் எங்களுடைய இரட்டைச் சிலிண்டர். இரட்டைச் சிலிண்டருக்கு 20 பார் தண்ணீரைத் தள்ளுவது அலையா வெயிலா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மணல் கிணறு என்றது தம்பியின் யோசனை. "மெம்பரேனைக் கொல்றது உப்பில்லீங்க, அழுக்குங்க" என்று அவரிடம் அரைமணி நேரம் விளக்கினான். எங்கள் சின்டெக்ஸ் தொட்டியில் பாசி இல்லை, சிப்பிக் குஞ்சு இல்லை, ஜெல்லிமீன் இல்லை. அந்த விஷயத்தில் கிணற்று மேடு எங்களுக்கு எதையுமே சொல்லிக்கொடுக்கவில்லை.

அவருக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. அலையில் ஓடும் இயந்திரம் என்று சொல்லித்தான் நிதி கேட்டிருந்தார் போல. அப்புறம் யோசித்துவிட்டு, "தண்ணி வந்தாச் சரி" என்றார். இரட்டைச் சிலிண்டரின் இரண்டாவது பிரதியை இப்போது முழுக்க டூப்ளெக்ஸில் கடைந்துகொண்டிருக்கிறோம். அலை பம்பைப் பிரித்து எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்தாயிற்று. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து யாராவது கேட்டால் இறக்குவோம்.

மீதியிருந்தது அந்தத் தொட்டி உப்புத் தண்ணீர். பங்குனி வெயிலில் களத்தில் தார்ப்பாய் விரித்து, ஓரம் தூக்கிக் கட்டி, பாத்தி மாதிரி ஊற்றினோம். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது காய. பழுப்பு உப்பைத் தோட்டத்துக்காரர் சுரண்டிக் கூட்டி, தேங்காய் எடை போடும் தராசில் நிறுத்தார். 33 கிலோ.

"ரெண்டு கிலோ எங்கீங்க போச்சு?" என்றார் என்னிடம், கடன் கொடுத்தவர் மாதிரி.

குழாயில் ஒட்டியிருக்கும் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஒரு சொட்டு விழக்கூடாது என்று எட்டு மாதம் காவல் இருந்த மனிதர், சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நடந்தார்.

"எங்கீங்க அது?"

"தென்னைக்குத்தானுங்க. மரத்துக்கு ரெண்டு கை வெச்சா நல்லாப் புடிக்கும்."